தெரியாத நம்பர்

கடன்ல மாட்டினவங்களுக்கு வழி சொல்ற ரூமுக்கு டூல்ஸ் பையோட போனதுதான் நான் பண்ண முதல் தப்பு.

வேற எப்படிப் போறது? வேலைக்குப் போறேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுத்தான் கெளம்பினேன். "அப்பாடா, யாராவது கூப்ட்டாங்களா?"ன்னு அவ மொகத்துல அப்படி ஒரு சந்தோஷம். வெயில் காலத்துலயே ஒரு பிரிட்ஜ் மெக்கானிக் வீட்ல குந்திக்கிட்டு இருந்தா எந்தப் பொண்டாட்டிக்குத்தான் கவலை வராது?

என் தொழில்ல ஒரு விஷயம். புதுசா வேலைக்குக் கூப்பிடறவங்க எல்லாரும் தெரியாத நம்பர்லேருந்துதான் கூப்பிடுவாங்க. கடன் கம்பெனிக்காரனும் அப்படித்தான், தினம் ஒரு நம்பர். அவனுக்குப் பயந்துக்கிட்டு நான் எந்தப் புது நம்பரையும் எடுக்கறதே இல்ல. எடுக்கலன்னா வேலை கெடையாது. வேலை இல்லன்னா கடன் கட்ட முடியாது. கட்டலன்னா அவன் இன்னும் நாலு நம்பர்லேருந்து கூப்பிடுவான். இந்த லட்சணத்துல எனக்குப் பட்டப்பேரு 'கூலிங்'. வயித்துக்குள்ள எரியறது எனக்குத்தானே தெரியும்.

அந்த ரூம் லைப்ரரிக்கு மேல, மாடில. நீளமான ரூம், சுவரோரமா பிளாஸ்டிக் நாற்காலி. உக்காந்திருந்தவங்க யாரும் யாரையும் பாக்கல. எல்லாருக்கும் திடீர்னு செருப்புமேல அவ்ளோ அக்கறை. வாசல்ல டோக்கன் குடுக்கற பொண்ணு என்னை மேலயும் கீழயும் பாத்தா. "என்ன விஷயமா வந்தீங்க?"

மாடிப்படி ஏறும்போது பதில மனப்பாடம் பண்ணிட்டேதான் வந்தேன். 'கடன் விஷயமா.' ரெண்டே வார்த்தை. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. அவ என் பையப் பாத்தா. "ஓ, பிரிட்ஜுக்கா? நல்லவேளை வந்தீங்க. மேடம் மெக்கானிக் தேடிட்டே இருந்தாங்க."

ஆமான்னு தலையாட்டிட்டேன். தலையாட்டின தலைய அங்கயே வெட்டிப் போட்டிருக்கணும்.

பின்னாடி சின்ன ஒரு தடுப்பு, அதுக்குள்ள பிரிட்ஜ். யாரோ வீட்ல பழசாகி, இங்க சும்மா குடுத்தது. காது வெச்சுக் கேட்டேன். கம்ப்ரசர் முக்கி முனகி ஓடப் பாக்குது, 'டக்'னு நின்னுடுது. அத ஸ்டார்ட் பண்ணி விடற ரிலே போயிருக்கு. பையிலயே புது ரிலே இருந்துது. மாத்தறதுக்கு ஒரு டீ குடிக்கற நேரம் போதும்.

ஆனா மாத்திட்டா அப்புறம் எதுக்கு வந்தேன்னு சொல்லணுமே. அதனால கதவு ரப்பரக் கழட்டினேன். சோப்புத் தண்ணில கழுவினேன். பின்பக்கக் கம்பில இருந்த தூசியெல்லாம் பல்லு வெளக்கற மாதிரி வெளக்கினேன். தண்ணி போற ஓட்டையக் குத்தி விட்டேன். யாரும் என்கிட்ட அத எல்லாம் கேக்கல. அவ்ளோ சுத்தமா ஒரு பிரிட்ஜ நான் காசு வாங்கிக்கூட கழுவினதில்ல.

கை தேச்சிட்டே இருந்துது, மனசு பூரா அக்காதான்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரில துணி வெளுக்கற செக்‌ஷன்ல நிரந்தர வேலை. நான் சொந்தமா கடை போடறேன்னு கடன் கேட்டப்ப, மாசாமாசம் சம்பளம் வாங்கற ஒருத்தர் ஜாமீன் கையெழுத்து போடணும்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான். அக்கா ஒரு வரிகூட படிக்கல. "எங்கடா போடணும்?"னு மட்டும் கேட்டா. கடை ஊத்தி மூடிச்சு. ஒரு நாள் அவ வீட்ல சாப்பிடறப்ப, "அந்தக் கடன் என்னடா ஆச்சு?"ன்னா. அவ மூஞ்சியப் பாத்தே சொன்னேன், "அடைச்சாச்சுக்கா"ன்னு. அவளுக்கு அவ்ளோ நிம்மதி. என் தட்டுல இன்னும் ரெண்டு கரண்டி சோறு போட்டா, நானும் தின்னேன். அந்தச் சோறு இன்னிக்கு வரைக்கும் செரிக்கல.

போன வாரம் அவகிட்டேருந்து மெசேஜ். 'தம்பி, ஆபீஸ்ல கூப்ட்டு கேக்கறாங்க. அடுத்த சம்பளத்துலேருந்து புடிப்பாங்களாம். ஏதோ தப்பா வந்திருக்குன்னு சொல்லியிருக்கேன். போன மட்டும் எடுடா.' தப்பா வந்திருக்காம். அப்பவும் அவ என்னை சந்தேகப்படல. அவ கூப்பிட்டப்பல்லாம் போன கவுத்து வெச்சுட்டு உக்காந்திருந்தேன். வெக்கங்கெட்டவன்.

பிரிட்ஜ சுவத்துப் பக்கம் தள்ளறப்பதான் பக்கவாட்டுல ஒட்டியிருந்த ஸ்டிக்கரப் பாத்தேன். 'கூலிங் சர்வீஸ்', கீழ என் நம்பர். எந்தக் காலத்துலயோ நான் ரிப்பேர் பண்ணி நானே ஒட்டினது. நகத்தால சுரண்டினேன். நல்ல பசை போட்டு ஒட்டியிருக்கேன் பாவி, வரவே இல்ல.

"முடிஞ்சுதா?"ன்னு குரல். அந்த மேடம்தான். நரைச்ச தலை, கழுத்துல கயித்துல கண்ணாடி. ஸ்டிக்கர மறைச்சுக்கிட்டு பிரிட்ஜோட ஒட்டி நின்னேன்.

"உங்கள யார் அனுப்பிச்சாங்க? அந்த ஸ்டிக்கர்ல இருக்கற ஆளுக்கு நானும் எத்தன தடவதான் அடிக்கறது, எடுக்கவே மாட்டேங்கறான். இப்படி இருந்தா எப்படித்தான் பொழைக்கறானோ. இருங்க, ஆள் வந்தாச்சு, நீ வர வேணாம்னு அவனுக்கு சொல்லிடறேன்."

தன் போன்ல ஏதோ அமுக்கினாங்க. என் போன் பிரிட்ஜ் தலைமேல இருந்துது. சத்தத்த அமத்தித்தான் வெச்சிருந்தேன், ஆனா தகரத்து மேல அது நடுங்கின நடுக்கத்துக்கு வெளிய உக்காந்திருந்தவங்ககூட திரும்பிப் பாத்தாங்க. நகந்து நகந்து ஓரத்துக்கே வந்துடுச்சு. கீழ விழறதுக்குள்ள புடிச்சேன்.

நான் திருதிருன்னு முழிச்சேன். மேடம் சிரிக்கல. போன கட் பண்ணாங்க. "இந்த ரூமுக்கு வர்றவங்க யாருமே போன் எடுக்க மாட்டாங்க"ன்னாங்க. "கையக் கழுவிட்டு வாங்க. உக்காந்து பேசலாம்."

பேசினேன். எல்லாத்தையும் சொல்லல, கடைசில சொல்றேன்னு அக்காவ மட்டும் தள்ளி வெச்சுட்டே வந்தேன். மேடமே கேட்டாங்க, "ஜாமீன் யாரு?" சொன்னேன். எழுதிட்டிருந்த பேனாவக் கீழ வெச்சாங்க.

"அப்ப முதல் போன் அவங்களுக்குத்தான், கம்பெனிக்கு இல்ல. இங்க அதுதான் பழக்கம். அவங்க சரின்னா, 'அக்கா சம்பளத்துல கை வைக்க வேணாம், மாசம் இவ்ளோன்னு தம்பியே கட்டறார்'னு இன்னிக்கே கம்பெனிகிட்ட கேக்கலாம். ஆனா அவங்ககிட்ட நான் பேச மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"என் போன்ல பேலன்ஸ் இல்லைங்க"ன்னேன். பச்சப் பொய். மேடம் மேஜை மேல இருந்த ஆபீஸ் போன என் பக்கம் தள்ளினாங்க.

அடிச்சேன். மணி போய்ட்டே இருந்துது, எடுக்கல. உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி, அதையும் சொல்லிடறேன். "வேலைல இருப்பா"ன்னேன். "இன்னொரு தடவ"ன்னாங்க மேடம். மறுபடி அடிச்சேன். மணி முழுசாப் போய் தானா நின்னுது.

எனக்கு என்னவோ மாதிரி ஆச்சு. எங்க அக்கா போன் எடுக்காத ஆளே இல்ல. தப்பா வந்த போன்ல இருக்கறவங்களைக்கூட விட மாட்டா. யாரு என்னன்னு விசாரிச்சு, பிள்ளைங்க என்ன படிக்குதுன்னு கேட்டுட்டுத்தான் வைப்பா. 'ராங் நம்பர்ல உனக்கு சொந்தக்காரங்க ஜாஸ்தி'ன்னு நாங்க கேலி பண்ணுவோம். அவ எடுக்கல. அந்த மணி எப்படிப் போகுதுன்னு எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஆள் இருக்கு. போன கவுத்து வெச்சுட்டு, எப்ப நிக்கும்னு பாத்துட்டு இருக்கு. என் வியாதிய நான் அவளுக்குக் குடுத்துட்டேன்.

பாக்கெட்லேருந்து என் போன எடுத்தேன். பேலன்ஸ் எங்கேருந்து வந்துதுன்னு மேடம் கேக்கல.

ஒரே மணி. எடுத்துட்டா.

"தம்பி?" குரல் ரொம்பத் தணிஞ்சு வந்துது.

"ஏன்க்கா மெதுவாப் பேசற?"

"இப்பதான்டா ஏதோ நம்பர்லேருந்து ரெண்டு தடவ வந்துது. ஆபீஸுக்கெல்லாம் எழுதறாங்களே, அவங்கதான் போல. புது நம்பர்னாலே நான் எடுக்கறதே இல்ல இப்பல்லாம்."

"அந்த ரெண்டு தடவயும் நான்தான்க்கா கூப்ட்டேன். இங்க ஒரு ஆபீஸ்லேருந்து." போன காதோட அமுக்கினேன். "அக்கா, தப்பா எதுவும் வரல. நான் கடன அடைக்கல. அன்னிக்கு சாப்பிடறப்ப பொய் சொன்னேன்."

அந்தப் பக்கம் துணி தொவைக்கற மெஷின் சுத்தற சத்தம் மட்டும் கேட்டுது. திட்டுவான்னு பாத்தேன். திட்டியிருந்தா தேவலை.

"நான் அவங்ககிட்ட உனக்காக சண்ட போட்டேன்டா"ன்னா. "என் தம்பி அப்படி இல்லன்னு மேனேஜர்கிட்ட அவ்ளோ சத்தம் போட்டேன்."

அழுதேன். பிளாஸ்டிக் நாற்காலில இருந்தவங்க மறுபடி செருப்பப் பாத்தாங்க. நல்ல மனுஷங்க.

அக்காவே மூக்க உறிஞ்சிட்டுக் கேட்டா. "இப்ப நான் என்ன பண்ணணும்? எங்கயாவது கையெழுத்து போடணுமா?"

மாசாமாசம் நானே கட்டறேன்னு கம்பெனிக்குக் குடுக்கற பேப்பர எடுத்து மேடம் என் முன்னாடி வெச்சாங்க. "போடணும்க்கா. ஆனா சும்மா போடாத"ன்னேன். "நான் ஒரு ஒரு வரியா படிச்சுக் காட்டறேன். முழுசாக் கேளு. கேட்டுட்டு, வேணாம்னு தோணிச்சுன்னா வேணாம்னு சொல்லு."

"சரி, படி"ன்னா.