பத்து மணிக்குச் சாத்திய ஜன்னல்

1962 மே 9, புதன். காலை. மேகம். குளிர் நேற்றைவிடக் குறைவு. தவறு ஒன்று: முருகு அக்காவுக்கு அனுப்பிய கடிதத்தில் மூன்றாவது வழியின் கடைசி வரிகள் விட்டுப்போயிருக்கின்றன. பக்கம் திருப்பும்போது நேர்ந்தது. சிறிய தவறுதான் என்று நினைக்கிறேன். இன்றைக்கே ஒரு கார்டு போட வேண்டும்.

சோலையம்மாள் பேனாவை மூடிவிட்டு எழுதியதைப் படித்துப் பார்த்தாள். எதை எழுதினாலும் மூன்று தடவை படிப்பது அவள் வழக்கம். நாயுடுபுரத்தில் மாலை வகுப்பில் சேர்ந்த எட்டு மாதமாக, அன்றன்றைக்குச் செய்த தவறை அன்றன்றைக்கே குறித்து வைத்துவிட வேண்டும் என்று தனக்கு ஒரு விதி போட்டிருந்தாள். அந்த நோட்டைப் புரட்டினால் தவறாகத்தான் இருக்கும். தலையணை உறையை எண்ணும்போது ஒன்று குறைந்தது, வகுப்புக்கு ஐந்து நிமிடம் பிந்திப் போனது, கேள்விக்கு விடை தெரிந்தும் கை தூக்காமல் இருந்தது. இதில் பெரிதென்று சொல்ல எதுவுமில்லை.

பகலில் அவளுக்கு ஏரிக்கரையில் உள்ள ஒரு விடுதியில் வேலை. படுக்கை விரிப்பு, கம்பளி, துண்டு எல்லாவற்றையும் வெளுப்புக்குப் போட்டு, வாங்கி, எண்ணி, அலமாரியில் அடுக்க வேண்டும். சாயங்காலம் வகுப்பு. சித்திரை மாதம் வகுப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள்: 'பெரிய நகரத்தில் கோடையைச் சமாளிக்கும் வழிகள்'. சோலையம்மாள் மலைமேல் குளிரூரான அட்டுவம்பட்டியில் பிறந்து வளர்ந்தவள். மலையை விட்டு இறங்கினால் வத்தலக்குண்டு வரைக்கும் போயிருக்கிறாள், அதுவும் இரண்டே தடவை. பெரிய நகரத்தின் வெயில் எப்படி இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? விடுதிக்கு வந்த மெட்ராஸ்காரர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டாள். புரசைவாக்கத்திலிருந்து வருஷந்தோறும் சீசனுக்கு வரும் சண்முகசுந்தரி அம்மாள்தான் அதிகம் சொன்னார். மண்பானையை ஈர மணல்மேல் வைப்பது, வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது, பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடியில் குடம் குடமாக ஊற்றுவது, நுங்கு, நீர்மோர், இரண்டு வேளைக் குளியல் என்று பதினோரு வழி சேர்ந்தது. பத்துக்கு எட்டு மதிப்பெண் கிடைத்தது. கட்டுரையை வகுப்பில் வாசிக்கவும் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா வீட்டிலிருந்து கடிதம் வந்தது. முருகம்மாள் தை மாதம் மெட்ராஸுக்குக் குடிபோனவள். அவள் புருஷன் நல்லசாமி அதே மலையிலுள்ள கூக்கால்காரன். கொத்தவால்சாவடியில் ஒரு மண்டியில் மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் இறக்கி எடைபோடும் வேலை கிடைத்துப் போயிருந்தான். மாடியில் தகரம் வேய்ந்த ஒற்றை அறையில் குடித்தனம். முருகம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவன்தான் மண்டியின் பில் தாளின் பின்பக்கத்தில் எழுதுவான். 'இவளுக்கு ஏழாம் மாதம். சோறு இறங்கவில்லை. வெக்கை தாங்காமல் அழுகிறாள். படித்தவர்களிடம் கேட்டு ஏதாவது எழுது' என்று இருந்தது. சோலையம்மாள் கட்டுரையின் நோட்டை எடுத்து, அக்காவுக்கு ஆகும் ஏழு வழிகளைப் பொறுக்கி, குண்டு குண்டான எழுத்தில் எழுதி, தனக்கும் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு, ஏப்ரல் 28 சனிக்கிழமை தபாலில் போட்டாள்.

நோட்டில் மூன்றாவது வழி பக்கத்தின் அடியில் தொடங்குகிறது. 'காலை பத்து மணிக்கெல்லாம் கதவு ஜன்னல்களைச் சாத்திவிட வேண்டும். வெளிக்காற்று அனல். அது உள்ளே வரக்கூடாது. ஈரக் கோணியைத் தொங்கவிட்டு, தரையில் தண்ணீர் தெளிக்க வேண்டும்.' அதோடு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தின் தலையில் மீதி இருந்தது. 'மாலை ஆறு மணிக்கு எல்லாவற்றையும் அகலத் திறந்துவிட வேண்டும். இரவு முழுவதும் திறந்தே இருக்கட்டும்.' இந்த இரண்டு வரியைத்தான் அவள் எழுதாமல் விட்டிருந்தாள். இன்று காலை படியை நோட்டோடு ஒப்பிட்டபோதுதான் அது தெரிந்தது.

தபாலில் போடுமுன் மூன்று தடவை படித்திருந்தாள். எழுத்துப் பிழை ஒன்று கண்டுபிடித்துத் திருத்தியதுகூட நினைவிருக்கிறது. இது மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று?

வாசலில் அம்மா குப்பம்மாள் சாக்கை விரித்துப் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தாள். சோலையம்மாள் கடிதத்தில் எழுதியபடியே மூன்றாவது வழியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். நல்லாத்தான் எழுதியிருக்கே என்றாள் அம்மா, தலை தூக்காமல்.

"ஏம்மா, பத்து மணிக்குச் சாத்துன ஜன்னலை நீ எப்பம்மா தெறப்ப?"

"அதை எதுக்குத் தெறக்கணும்?"

"பொழுது எறங்குனதும்?"

"பொழுது எறங்குனா வாடைக்காத்துல்ல வரும். கிறுக்கி கூடத் தெறக்க மாட்டா. காலங்காத்தால ஒனக்கு வேற சோலி இல்லையாக்கும்."

சோலையம்மாள் திரும்பித் தங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். இருந்தது ஒரே ஜன்னல். ஐப்பசியில் மழை பிடிக்கும்போது சாத்தியது. இடுக்குகளில் மைதாப் பசை தடவிப் பழைய பேப்பர் ஒட்டி, அதன்மேல் சாக்கை ஆணியடித்திருந்தார்கள். சித்திரை பிறந்தும் அதை யாரும் பிரிக்கவில்லை. ஊரில் எந்த வீட்டிலும் பிரிக்கவில்லை. சாத்து என்றால் இங்கே இதுதான் அர்த்தம். மூன்று தடவை படித்தும் தனக்கு ஏன் எதுவும் குறைவதாகப் படவில்லை என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. கடிதத்தைப் படித்தவன் கூக்கால்காரன். கேட்டவள் இந்த வீட்டில் பிறந்தவள். அவர்களுக்கும் எதுவும் குறைவதாகப் பட்டிருக்காது.

ஆனாலும் அவள் குணம், உடனே தன்னையே சந்தேகித்தாள். ஒரு ஜன்னலைத் திறக்காவிட்டால் குடியா முழுகிவிடும்? வெயில் உள்ளே வராது, அவ்வளவுதானே. தெரியாத விஷயத்தில் தானாக எதையாவது கற்பனை செய்துகொண்டு ஊரைக் கூட்டுவானேன்? தெரிந்தவரைக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, வழக்கத்தைவிட வெள்ளனே புறப்பட்டு விடுதிக்கு நடந்தாள்.

சண்முகசுந்தரி அம்மாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு புல்தரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். இவளைக் கண்டதும், என்னம்மா, பன்னிரண்டாவது வழி வேண்டுமா என்று கேலி பண்ணினார். சோலையம்மாள் கேட்க வந்ததைக் கேட்டாள். சாயங்காலம் திறக்காமலே விட்டால் என்ன ஆகும்?

"யாரு திறக்காம இருப்பா? ஆறு மணிக்குக் கடல்காத்து வருமே, அதுக்காகத்தானே அத்தனை பேரும் உசிரை வெச்சிக்கிட்டு இருக்கோம்."

"தெரியாம விட்டுட்டா, அம்மா? தகரக் கூரை. ஒரே ரூம்பு."

அந்த அம்மாளின் சிரிப்பு போய்விட்டது. "தகரமா? பகல் சூடெல்லாம் உள்ளயே தங்கிடும். ஈரச் சாக்கு வேற தொங்கினா இட்லிப் பானைதான். யாரு இருக்காங்க அங்க?"

சோலையம்மாள் சொன்னாள். கர்ப்பிணி என்றதும் சண்முகசுந்தரி அம்மாள் எழுந்துவிட்டார். கார்டு போகவே மூன்று நாள் ஆகும், அக்கினி நட்சத்திரம் பிறந்து இன்றோடு ஆறாவது நாள் என்றார். அவர் மெட்ராஸிலுள்ள தன் மகனோடு பேசுவதற்கு விடுதி டெலிபோனில் ஒரு டிரங்க் கால் பதிந்து வைத்திருந்தார். அதில் நீ பேசு என்றார். நல்லசாமியின் பழைய கடிதம் சோலையம்மாளின் நோட்டுக்குள் இருந்தது. பில் தாளின் தலையில் மண்டியின் பெயரோடு டெலிபோன் நம்பரும் அச்சாகியிருந்தது. விடுதி மானேஜர் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, அந்த அம்மாள் பதிந்த டிரங்க் காலுக்கு இந்த நம்பரை மாற்றிக் கொடுத்தார். சீசன் நேரம், லைன் கிடைக்கும்போதுதான் கிடைக்கும் என்று பதில் வந்தது.

காலையில் கேட்ட லைன் சாயங்காலம் வரை கிடைக்கவில்லை. சோலையம்மாள் துணி அறையில் விரிப்புகளை மடித்தாள். நாற்பது வரை எண்ணியதும் மறந்துபோய் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். ஐந்தாகப் பத்து நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது. மூன்று நிமிடம்தான், வெரசாப் பேசு என்று மானேஜர் ரிசீவரை நீட்டினார்.

எதிரே இரைச்சல், மூட்டை எறியும் சத்தம். எடுத்தவர் மண்டிக் கணக்குப்பிள்ளை பொன்னுச்சாமி. நல்லசாமியா, அவன் பெண்சாதியை ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று நாளாகிறதே, உங்களுக்குத் தெரியாதா என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். இப்போதுதான் வந்தான், மைதா வாங்கிக்கொண்டு நிற்கிறான், கூப்பிடுகிறேன் என்றார்.

மைதா என்ற சொல்லைக் கேட்டதும் சோலையம்மாளுக்குத் தங்கள் வீட்டு ஜன்னலில் தடவிய பசை நினைவுக்கு வந்தது.

"யாரு, சோலையா? நேத்துத்தான் காயிதம் போட்டேன். அதுக்குள்ள எப்படித் தெரிஞ்சுது?"

"அக்கா எப்படி இருக்கு மாமா?"

"கெடக்கா. கண்ணு முழிச்சுட்டா. புள்ள நேத்து வெள்ளனே பொறந்துருச்சு. பொம்பளப் புள்ள. நாள் காணாததுனால கையளவுதான் இருக்கு. மூச்சு இருக்குன்னு நர்ஸம்மா சொல்லுது."

பிறகு அவனாகவே சொன்னான். ராத்திரியில் லாரி வரும், மூட்டை இறக்க வேண்டும் என்பதால் அவன் படுப்பது மண்டியிலேயே. சோற்றுக்கு மட்டும்தான் அறைக்குப் போவது. திங்கட்கிழமை போனபோது தட்டித் தட்டிப் பார்த்தும் கதவு திறக்கவில்லை. பக்கத்துக் குடித்தனக்காரர்கள் சேர்ந்து தாழ்ப்பாளை உடைத்தார்கள். ஈரத் தரையில் கிடந்தாள். தொட்டால் உடம்பு கொதித்தது, வேர்வை ஒரு சொட்டு இல்லை.

"நீ எழுதுனபடியேதான் செஞ்சோம் புள்ள. இடுக்கு விடாம பேப்பர் ஒட்டி, சாக்கு அடிச்சு, நம்ம ஊருல செய்யுற மாதிரி. எங்கயோ ஒரு ஓட்டைய விட்டுட்டேன். அது வழியாத்தான் அனல் உள்ள வந்திருக்கு. அவ வீட்டுக்கு வர்றதுக்குள்ள நல்லா ஒட்டிப்புடுறேன்."

இவன் தன்மேல் பழி போட்டுக்கொண்டு நிற்கிறான். கையில் மைதாவோடு.

"மாமா, ஒட்டாதீங்க. ஒட்டுனது எல்லாத்தையும் கிழிச்சுப் போடுங்க. ஓட்டை ஒண்ணும் இல்ல. சாயங்காலம் ஆறு மணிக்குத் தெறக்கணும்னு இருந்துச்சு. நான்தான் அத எழுதாம விட்டுட்டேன்."

"தெறக்கணுமா?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டான்.

"ராத்திரி பூராவும் தெறந்து கெடக்கணும்."

"ராத்திரியிலயா?" என்றான் மறுபடி. "ஆறு நாளு அடச்சே கெடந்தா புள்ள. மூச்சு முட்டுதுன்னா. நான்தான், சோலை எழுதியிருக்கா, செத்தப் பொறுத்துக்கன்னேன்."

மானேஜர் கடிகாரத்தைக் காட்டினார். எதிர்முனையில் நல்லசாமி, இங்கே ஆள் யாரும் இல்லை, அத்தையைக் கொஞ்சம் அனுப்பி வை என்று மட்டும் சொன்னான். நானும் வருகிறேன் மாமா என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது. அது அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

சண்முகசுந்தரி அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். குழந்தைக்கு உயிர் இருக்கிறது என்பதைக் கேட்டு, மகனுக்குத் தந்தி கொடுத்து ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கச் சொல்வதாகச் சொன்னார். உன் தப்பு இல்லை என்று அவர் சொல்லவில்லை. சோலையம்மாளுக்கு அது ஒருவகையில் ஆறுதலாக இருந்தது. மானேஜரிடம் நாலு நாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு, வகுப்புக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு நடந்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். குப்பம்மாள் அழவில்லை. பூண்டுத் தோல் ஒட்டியிருந்த கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"காலையில எங்கிட்டக் கேட்டியே," என்றாள். "நானும் சாத்தியே கெடக்கட்டும்னுதான சொன்னேன்."

பிறகு எழுந்து மூட்டை கட்டத் தொடங்கினாள். பிள்ளைக்கு என்று ஒரு கம்பளிக் குல்லாவை எடுத்து வைத்தாள். மெட்ராஸ் வெயிலில் கம்பளியா என்று சோலையம்மாளின் வாய்வரை வந்துவிட்டது. நாள் காணாத பிள்ளைக்குச் சூடு வேண்டுமோ, குளிர்ச்சி வேண்டுமோ, தனக்கு என்ன தெரியும்? குல்லாவை எடுக்கச் சொல்லவும் இல்லை, வைக்கச் சொல்லவும் இல்லை. விளக்கை ஏற்றி நோட்டை விரித்தாள். காலையில் எழுதியதில் 'சிறிய' என்ற சொல்லை அடித்தாள். அதற்குப் பதில் எதை எழுதுவது என்று தெரியாமல், அப்படியே விட்டுவிட்டுக் கீழே எழுதினாள்.

நாளை, மே 10, வியாழன். காலை ஆறு மணி பஸ்ஸில் அம்மாவுடன் கோடைரோடு. அங்கிருந்து மெட்ராஸ் ரயில். குல்லாவைப் பிள்ளைக்குப் போடலாமா என்று போனதும் நர்ஸைக் கேட்க வேண்டும்.