பூட்ஸுக்குள் சாக்குத் துணி

“ஆசைப்பட்டதைச் செஞ்சுக்கிட்டே போயிட்டான். கொடுத்து வச்சவன்” என்று முதலில் சொன்னவர் கிடங்கு மேஸ்திரி. பிறகு துக்கத்துக்கு வந்தவர் போனவர் எல்லாம் அதையே சொன்னார்கள். எல்லோரையும்விட உரக்கச் சொன்னவன் செத்தவரின் மச்சினன். அவனுக்கு அது தேவைப்பட்டது. செத்தவரின் பெண்டாட்டி, அவனுடைய அக்கா, மட்டும் அதைச் சொல்லவில்லை.

மச்சானும் அவனும் ஒரே கிடங்கில் மூட்டை தூக்கியவர்கள். ஒரே நடையில் இரண்டு மூட்டை ஏற்றுவதால் மச்சானுக்கு அங்கே ‘டபுள்’ என்று பெயர். ஞாயிறு காலையில் லாரி நிற்காத முற்றத்தில், சிந்திக் கிடக்கும் சிமெண்டால் கோடு போட்டுக் கால்பந்து விளையாடுவார்கள். பந்தைக் கண்டால் டபுளுக்குப் பசியும் தெரியாது, பெண்டாட்டியும் தெரியாது.

இதயம் வீங்கியிருக்கிறது, தூக்கவும் கூடாது, ஓடவும் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே அக்கா அவருடைய பூட்ஸைப் பழந்துணி மூட்டைக்குள் ஒளித்துவிட்டாள். மூன்று மாதம் அவர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கத்தினார். நாலாவது மாதம் மச்சினனிடம் வந்தார்.

“மாப்ளே, உன் பழைய பூட்ஸைக் குடுடா. கோல்ல சும்மா நிக்கிறேன்.”

“அக்கா என்னை உரிச்சு உப்புத் தடவிடும்.”

“நிக்கிறதுக்கு எதுக்குடா இதயம்? காலு போதாதா?”

சிரித்துவிட்டான். சிரித்த வாய்க்கு மறுக்க வரவில்லை. பூட்ஸ் மச்சானுக்கு ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. சாக்கைக் கிழித்து நுனியில் திணித்துக் கொடுத்தவனும் அவன்தான்.

அரைமணி நேரம் மச்சான் நல்ல பிள்ளையாக நின்றார். அப்புறம் பந்து காலுக்கு வந்தது. எதிர்க்கோல் வரைக்கும் ஓடினார்.

மச்சான் போன எட்டாம் நாள் சாயங்காலம் அக்கா அவனைக் கூப்பிட்டாள். தரையில் துணி மூட்டை அவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் மச்சானின் பூட்ஸ். பக்கத்தில், அவர் உடம்பில் இருந்ததைக் கழற்றி ஆஸ்பத்திரியில் கொடுத்த பை.

“இது இங்கேயே இருக்கு. அப்போ அவரு கால்ல இருந்தது யாருதுடா தம்பி?”

அவன் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றான்.

“கோல்ல நிக்கிறேன்னுதான்க்கா...”

“நின்னாரா?”

“அரைமணி நேரம் நின்னாருக்கா.”

“பிடிச்சதைச் செஞ்சாரு, சந்தோஷமாப் போனாருன்னு ஊரு பூரா சொல்றியே. கிட்ட இருந்தவன் நீதானே. மூஞ்சி எப்படிடா இருந்துச்சு? சிரிச்சாரா?”

எதிர்க்கோலடியில் விழுந்த மச்சான் சிரிக்கவில்லை. அவன் சட்டையை முறுக்கிப் பிடித்திருந்தார். வியர்த்து ஊற்ற, தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பிள்ளைபோல விழித்து, “உங்க அக்காகிட்டச் சொல்லிடாதடா” என்றார். அதுதான் கடைசி.

அதைச் சொன்னாலும் அவள் தாங்கமாட்டாள், சொல்லாவிட்டாலும் விடமாட்டாள்.

“சிரிச்சாருக்கா” என்றான்.

நம்பினாளா என்று தெரியவில்லை. பையை அவன் பக்கம் தள்ளினாள்.

“உன்னுதுதானே. போட்டுக்கிட்டுப் போ.”

“அக்கா...”

“போட்டுக்கிட்டுப் போடா.”

பையிலிருந்த பூட்ஸை எடுத்து, வாசற்படியில் உட்கார்ந்து காலை நுழைத்தான். குதிகால் உள்ளே இறங்கவில்லை. நுனியில் சாக்குத் துணி அப்படியே இருந்தது.