பதினாறு வயதுக்கு மேற்பட்டோர்

ஜனீனின் சான்றிதழ் பதினோரு நாளில் தபாலில் வந்துவிட்டது. நெவ்வினுடையது ஐந்து வாரமாகியும் வரவில்லை.

இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு அவள்தான் நிரப்பினாள். வீட்டில் வைத்துப் பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டுமானால் பதிவு வேண்டும். பதிவு வேண்டுமானால், அந்த வீட்டில் குடியிருக்கும் பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரின் குற்றப் பதிவைக் காட்டும் போலீஸ் சான்றிதழும் வேண்டும். அவர்கள் வீட்டில் இருந்ததே இரண்டு பேர்: அவளும் கணவன் நெவ்வும்.

"நீ ஹல் ஊர்ல குடிச்சிட்டுச் சண்டை போட்டு உள்ள போனியே, அது வருமா?" என்று அன்று கேட்டாள்.

"முப்பது வருஷமாச்சு. காலாவதி ஆயிருக்கும். எங்க குளிர்கிடங்குல வேலை பாக்கற கீத்தோட கேஸ் அப்படித்தான், எங்கயும் சொல்லவே வேணாமாம்."

"அப்ப அனுப்பிடறேன்."

"அனுப்பு கண்ணு" என்று சொல்லிவிட்டு நெவ் கெண்டியில் தண்ணீர் பிடித்தான்.

ஜனீனுக்கு ஐம்பத்தொரு வயது. கிரிம்ஸ்பியில் மீன் வெட்டும் ஆலையில் இருபத்துநான்கு வருடம் நின்றவள். போன குளிர்காலத்தில் விரல்கள் மடங்கியவை மடங்கியபடியே நின்றுவிட்டன. இனி ஈரத்தில் கை வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது அவள் அழவில்லை. வீட்டில் பிள்ளைகளின் சத்தம் கேட்க வேண்டும் என்று அவளுக்கு இருபத்துமூன்று வருட ஆசை. கல்யாணமான புதிதில் நெவ் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான். அவளுக்கு நாற்பத்துநான்கு வயதாகி, இனிப் பிள்ளை இல்லை என்றாகும்வரை அந்த அடுத்த வருடம் வரவே இல்லை.

வீட்டைத் தயார்செய்யும் வேலைகளில் ஒரு குறையும் வைக்கவில்லை அவன். மாடிப்படிக்கு மேலும் கீழும் தடுப்புக் கதவு போட்டான். கத்தி இருக்கும் இழுப்பறைக்குப் பூட்டு, சன்னலுக்குப் பூட்டு. எதிர்வீட்டு ஷெல்லி வந்து பார்த்துவிட்டு, "ஜெயில்லகூட இவ்வளவு கதவு இருக்காது ஜனீன்" என்றாள். ஷெல்லியின் இரண்டு வயது மகள் எஸ்மிதான் முதலில் சேரப்போகும் குழந்தை. இருபதாம் தேதி திங்கட்கிழமை ஷெல்லிக்கு முதியோர் இல்லத்தில் வேலை ஆரம்பம். அதிகாரி வந்து வீட்டைப் பார்க்கும் நாள் பதினான்காம் தேதி செவ்வாய். நடுவில் முட்டுக்கட்டையாக நின்றது நெவ்வின் அந்த ஒரு காகிதம்தான். அதிலுள்ள எண் இல்லாமல் எதுவும் நகராது.

சான்றிதழ் அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்தாள். சம்பந்தப்பட்ட ஆளிடம்தான் பேசுவோம் என்று சொல்லிவிட்டார்கள். நெவ் பேசினானாம். "லேட்டாகுதாம். அவங்க பக்கம்தான் ஏதோ குளறுபடி."

செவ்வாயும் வியாழனும் காலையில் அவள் சர்ச் கூடத்தில் பிள்ளைகள் குழுவுக்கு உதவப் போவாள். நெவ் குளிர்கிடங்கில் விடியற்காலை வேலை முடிந்து பத்து மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவான். தபால்காரர் வருவது பதினொன்றுக்கு. இந்தக் கணக்கை அவள் போட்டுப் பார்த்ததே இல்லை.

மார்ச் ஒன்பதாம் தேதி வியாழன், குழுவை நடத்தும் பெண்மணிதான் சொன்னாள்: "உங்ககிட்ட விண்ணப்ப நம்பரும் அவரோட பிறந்த தேதியும் இருக்கா? அப்ப அது எந்த நிலையில இருக்குன்னு போன்லயே பாத்துக்கலாமே."

விளையாட்டு மணல் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே பார்த்தாள். பரிசீலனை முடிந்தது. பிப்ரவரி இருபதாம் தேதி தபாலில் அனுப்பப்பட்டது.

வீட்டுக்கு வந்தபோது நெவ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். அவள் கோட்டைக் கழற்றவில்லை.

"எங்க வச்சிருக்க?"

அவன் எது என்று கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கொல்லையில் இருக்கும் மரக்கொட்டகைக்குப் போய், பெயின்ட் டப்பாவின் அடியிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து வந்தான்.

"படி. நான் சொன்னா வேற மாதிரி ஆயிடும்."

அவள் படித்தாள். ஹல் நீதிமன்றம், 1991. குழந்தையைக் கொடுமைப்படுத்தியது. கடுமையான உடற்காயம். மூன்று ஆண்டுச் சிறை.

"குடிச்சிட்டு எவனையோ அடிச்சேன்னு சொன்ன."

"உள்ள இருந்ததுக்கு ஒரு காரணம் சொல்லணும்ல."

"குழந்தைக்கு எத்தனை வயசு?"

"பதினாலு மாசம்."

"பேரு?"

அவன் சன்னலைப் பார்த்தான். "லீ. நான் அப்ப கூட இருந்த டோனாவோட பையன். பல்லு முளைக்கிற நேரம். மூணு நாளா ஓயாம அழுதான். அவ வேலைக்குப் போயிருந்தா. எனக்கு இருபத்தோரு வயசு ஜனீன். கையைப் பிடிச்சுத் தூக்கினேன்."

"கையை மட்டுமா?"

அவன் போட்டிருந்த மின்கெண்டி கொதித்து அணைந்தது.

"காலும்" என்றான்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அதனாலதான் அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னியா."

"நமக்குக் குழந்தை பொறந்திருந்தா, ஆஸ்பத்திரியில என் பேரைச் சொன்னதுமே குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிங்க வந்து நின்னிருப்பாங்க. உனக்குத் தெரிஞ்சிருக்கும். அது ஒண்ணு."

"இன்னொண்ணு?"

"என்னை எனக்கே தெரியலையே."

சீவிய கிழங்குகள் தண்ணீரில் கிடந்தன. அவனே தொடர்ந்தான்: "மேபிள்தார்ப் கடற்கரையில என் தம்பியோட கேரவன் வீடு சும்மாதான் கிடக்கு. விலாசத்தை அங்க மாத்திக்கறேன். பிள்ளைங்க போனப்புறம் சாயங்காலம் வந்துடறேன். பேப்பர்ல நான் இங்க இல்ல. எத்தனையோ பேர் அப்படித்தான் பண்றாங்க. உன் வேலை கெட வேணாம்."

சொல்லக் கூச்சம்தான், ஆனாலும் உண்மை: அந்த யோசனையை அவள் தூக்கி எறியவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் அதை மனசுக்குள் போட்டு உருட்டினாள். 'என் கணவர் தனியாக வசிக்கிறார்' என்று கண்ணாடி முன்னால் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். பொய் என்று கண்டுபிடிக்க முடியாதபடி இருந்தது.

சனிக்கிழமை காலை ஷெல்லி எஸ்மியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே வந்தாள். நெவ் கொல்லையில் இருந்தான்.

"ஜனீன், என்னைத் திட்டாத. வேலையை ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க. நாளன்னிக்கே. உன் பேப்பர் வர்ற வரைக்கும் சும்மா வச்சுக்கோயேன். யாரு கேக்கப்போறா?"

"முடியாது ஷெல்லி."

"அடேயப்பா, அதுக்குள்ள அதிகாரி ஆயிட்டியா? சரி, நீ வச்சுக்க வேணாம். நெவ்தான் பத்து மணிக்கு வந்துடறானே, ரெண்டு மணி நேரம் அவன் பாத்துக்கட்டும். அதுக்கப்புறம் எங்கம்மா வந்துடும்."

எஸ்மி தரையில் இறங்கி, தடுப்புக் கதவின் கம்பிகளைப் பிடித்து ஆட்டினாள்.

"நெவ்கிட்ட விடாத."

"ஏன், பீர் ஊத்திக் குடுத்துடுவானா? பூனைக்குட்டி மாதிரி ஆளு."

ஜனீன் சிரிக்கவில்லை. "நான் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. அவன்கிட்ட விடாத. நான் சொல்றதைக் கேளு."

ஷெல்லியின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே சற்று நேரம் நின்றது. பிறகு அவள் கொல்லைப் பக்கம் பார்த்தாள். குரல் தணிந்தது.

"போன மாசம் நான் பல் டாக்டர்கிட்ட போனப்ப இவளை இங்கதானே விட்டுட்டுப் போனேன்."

"அப்ப எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"நீ பூரா நேரமும் இருந்தியா?"

இருந்தேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். "பால் வாங்கப் போனேன். பத்து நிமிஷம்."

ஷெல்லி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். வாசலைத் தாண்டியதும் நடுத்தெருவில் நின்று, எஸ்மியின் சட்டைக் கையை மேலே தள்ளி, தோள்வரை பார்த்தாள். பிறகு அடுத்த கையை. பிறகு கால்களை. ஒரு மாதம் ஆகிவிட்டது. அங்கே பார்க்க எதுவும் இருக்கப்போவதில்லை. ஆனாலும் பார்த்தாள். குழந்தை கூச்சத்தில் சிரித்தது.

மதியத்துக்குள் எதிர்வீட்டு வாசலில் ஷெல்லியின் அம்மாவோடு இன்னும் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். யாரும் கத்தவில்லை.

நெவ் கொட்டகையிலிருந்து வந்து சன்னல் வழியே அவர்களைப் பார்த்தான். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எவ்வளவு?"

"உன்கிட்ட விடாதன்னு மட்டும். பை எடுத்துக்கோ. பேப்பருக்காகப் போகச் சொல்லல."

அவன் ஒரு பையும் வேலை பூட்ஸும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினான். அந்தப் பெண்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தாள். இளம்பெண்; நனைந்த குடையை வாசலிலேயே வைத்தாள். ஜனீன் இரண்டு சான்றிதழ்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். அதிகாரி இரண்டாவதை இருமுறை படித்தாள்.

"இவர் இப்ப இங்க இருக்காரா?"

"இல்ல."

"எப்பலேருந்து?"

"சனிக்கிழமைலேருந்து."

"போன சனிக்கிழமையா?"

"ஆமா."

அதிகாரி பேனாவை மூடினாள். "மூணு நாளை வச்சு என்னால எதுவும் எழுத முடியாதுங்க. நீங்க மறுபடியும் விண்ணப்பிக்கலாம். ஆறு மாசம், ஒரு வருஷம் போகட்டும். அதுக்குள்ள இந்தத் தெருவுல உங்களை நம்பி ரெண்டு பேர் எழுதிக் குடுத்தாலும் உதவியா இருக்கும்."

"இந்தத் தெருவுலயா?" என்றாள் ஜனீன்.

அதிகாரி திரும்பி சன்னல் வழியே பார்த்தாள். எதிர்வீட்டில் திரை விலகி, மறுபடி மூடிக்கொண்டது. ஊற்றி வைத்த தேநீரை அந்தப் பெண் மரியாதைக்காக முழுவதும் குடித்தாள். பிறகு, அறைகளைப் பார்க்காமலே எழுந்தாள்.