புனிதா பதில் பேசாத நாற்பது கேள்விகள்

புனிதாவுக்கு எட்டு வயது. படத்தில் என்ன குறைகிறது என்று நாற்பது கேள்வி கேட்டேன். ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. அறிவுத்திறன் சோதனை அறிக்கையில் பூஜ்யம் போட்டேன்.

நான் நீலாய் நகரப் பல்கலைக்கழகத்தில் கல்வி உளவியல் படிக்கிறேன். தம்பின் டவுனுக்கு வெளியே இந்தத் தோட்டப் பள்ளியில் மூன்று மாதப் பயிற்சி. தலைமையாசிரியர் மணியம் அறிக்கையைப் பார்த்து, "நல்லது ரோகினி. அம்மாகிட்ட சைன் வாங்கிட்டு வா. டவுன்ல ஸ்பெஷல் கிளாசுக்கு மாத்திடலாம்" என்றார். பூஜ்யத்தைப் பார்த்து மனிதர் இத்தனை குளிர்ந்துபோவானேன்? பின்தங்கிய பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டைக் கூட்டப் பார்க்கிறாரோ என்று எனக்கு உறுத்தியது. இருந்தாலும் போனேன்.

புனிதாவின் அம்மா பாஞ்சாலை, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டு வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். வாசல் கிரில்லைத் திறக்காமலே பேசினாள்.

"நீங்க டீச்சரா?"

"இல்லக்கா."

"டாக்டரா?"

"இல்ல."

"அப்ப பள்ளிக்கூடத்து ஆளா?"

நான் யார், யாருக்காக வேலை செய்கிறேன் என்று பேராசிரியர் வாராவாரம் எழுதச் சொல்வார். பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். இப்போது பயிற்சி அட்டையைக் கிரில் வழியே நீட்டினேன்.

"மூத்தவனையும் இப்படித்தான் ஒருத்தங்க படம் காட்டிக் கேட்டாங்க. டவுனுக்கு மாத்துனாங்க. வேன் இல்ல, கூட்டாளி இல்ல. ஆறே மாசத்துல நின்னுட்டான். அதான் இவகிட்ட சொல்லி வச்சேன், வெளியாளு கேட்டா வாயத் திறக்காதன்னு."

மகளைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாளோ?

"அவ பேசுவாளாக்கா?"

பாஞ்சாலை உள்ளே நின்ற புனிதாவிடம் திரும்பி, "சொல்லு கண்ணு" என்றாள்.

"ஏழாவது படத்துல கடிகாரத்துக்கு முள்ளு இல்ல. எட்டாவதுல நாய்க்கு வால் இல்ல..." புனிதா நிறுத்தவே இல்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளைக்கு நான் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

அங்கிருந்தே மணியத்துக்குப் போன் போட்டேன். "சார், அந்த ரிப்போர்ட் செல்லாது. தப்பு என்னுது. மறுபடி செய்யணும்."

"நீ டிரெய்னிதான் லா. உன் டிரெய்னிங் பாஸ் ஆக நான்தான் பாரத்துல சைன் போடணும், ஞாபகம் வச்சுக்க."

"ஞாபகம் இருக்கு சார்."

பாஞ்சாலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "நாளைக்கி நானும் பக்கத்துல உக்காருவேன்."

"உக்காருங்கக்கா."

"அம்மா, இவங்க யாரு?" என்றாள் புனிதா.

பாஞ்சாலை என்னை மேலும் கீழும் பார்த்தாள். கிரில் இன்னும் பூட்டியே இருந்தது.

"தெரியல. நாளைக்கிப் பாப்போம்."