முப்பதைத் தொட வேண்டும்

ஊரில் எல்லோரும் எடை குறைய வேண்டிக்கொள்வார்கள். ஒதிலியாவோ எடை கூட வேண்டுமென்று குவாடலூப்பே மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருந்தாள்.

சான் அன்டோனியோவின் மேற்குப் பக்கத்துச் சுகாதார மையத்தில், மெக்சிகோ வழிவந்தவர்களின் உடல் கொழுப்பை அளக்கும் ஆய்வு நடந்தது. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் உடல் நிறைக் குறியீடு முப்பதைத் தொட்டவர்களுக்குத்தான் இன்னும் இடமிருந்தது. சேர்ந்தால் ஒரு வருடம் மாதாமாதம் வரலாம். நடுவில் வாரந்தோறும் போன் செய்து, என்ன சாப்பிட்டாய், எப்படித் தூங்கினாய் என்று கேட்பார்கள். கணவன் அன்செல்மோ இறந்துபோய் மூன்று வருடமாக அவளிடம் இதையெல்லாம் கேட்க ஆளில்லை. மகன் சிகாகோவில், கிறிஸ்துமஸுக்குப் பேசுவான்.

வீட்டில் போட்ட கணக்கில் இருபத்தெட்டே முக்கால்தான் வந்தது. இன்னும் ஏழெட்டுப் பவுண்டு ஏற வேண்டும். இரண்டு வாரம் பன்றிக்கொழுப்பில் சோளமாவைப் பிசைந்து அவித்த தமாலேயாகவே தின்றாள். தனியாக உட்கார்ந்து தின்றது உடம்பில் ஒட்டவில்லை.

அளக்கும் பெண் நெரெய்தா, இடுக்கி போன்ற கருவியால் அவள் மேல்கைச் சதையைக் கிள்ளிப் பிடித்தாள்.

"வலிக்குதா, தோன்யா ஒதிலியா?" என்று பெரியவளுக்குரிய மரியாதையோடு கேட்டாள்.

"நல்லாக் கிள்ளு மகளே. நிறைய வரணும்."

நெரெய்தா சிரித்துவிட்டாள். "வர்றவங்க எல்லாம் மூச்சைப் பிடிச்சு வயித்தை உள்ளே இழுப்பாங்க. நீங்க என்னடான்னா உப்பிக் காட்டுறீங்க!"

எடை நூற்றைம்பத்தேழு பவுண்டு. ஓர் இம்மிகூட ஏறவில்லை.

"என் கைப்பையோட ஒருதடவை ஏறட்டுமா?"

"சாவிக்கொத்தைக்கூட விட மாட்டேன். இறங்குங்க."

ஒதிலியாவுக்கு மனசு விட்டுப்போனது. கடைசியாக உயரம். இதிலாவது குறை சொல்ல இடம் கொடுக்கக் கூடாதென்று நெஞ்சை நிமிர்த்தி நின்றாள்.

"அஞ்சடி கால் அங்குலம்."

"அஞ்சடி ரெண்டு அங்குலம்! லைசென்ஸைப் பாரு."

"அது எப்ப எழுதினது?"

"கல்யாணமான வருஷம்."

நெரெய்தா மறுபடி அளந்தாள். அதேதான்.

"மீதி ஒண்ணே முக்கால் அங்குலம் எங்கடி போச்சு?"

"வயசானா முதுகெலும்பு தேயும். கொஞ்சங் கொஞ்சமா குறையறதால நமக்கே தெரியாது. கூட இருக்கிறவங்கதான் கண்டுபிடிப்பாங்க. வீட்ல யாரும் சொல்லலையா?"

ஒதிலியா தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நெரெய்தா கணக்குப் போட்டாள். "அடேயப்பா! உயரம் குறைஞ்சதுல குறியீடு ஏறிடுச்சு. முப்பது புள்ளி நாலு. உங்களைச் சேர்த்தாச்சு! இனி செவ்வாய்க்கிழமைதோறும் நான்தான் கூப்பிடுவேன். தொல்லைன்னு திட்டக் கூடாது."

இதற்காகத்தான் வந்தாள். ஆனாலும் கண் நிறைந்துவிட்டது.

"என் பக்கத்துல வந்து நில்லு."

"எதுக்கு?"

"நில்லேன்."

நெரெய்தா எழுந்து வந்து தோளோடு தோள் சேர்த்து நின்றாள்.

"உன் காது வரைக்கும் இருக்கேன், பார்த்துக்க," என்றாள் ஒதிலியா. "இதுக்குக் கீழே போனா நீதான் சொல்லணும்."