கபீர் பாய் அனுப்பிய ஒட்டு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். புனித அந்தோனியார் படத்தின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்; அதனால்தான் எழுத்து கொஞ்சம் கோணலாக வருகிறது. என் பெயர் லாசரஸ். கல்லறையிலிருந்து எழுந்து வந்தவனின் பெயரை வைத்துக்கொண்டு இந்த விஷயத்தில் நான் பொய் சொல்ல முடியாது.

1988. நானும் சூசைநாதனும் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தோம். பிரிண்டரில் தமிழ் எழுத்தை வரவைக்கும் புரோகிராம் ஒன்றைச் சூசை எழுதியிருந்தான். யாரிடமும் காசு வாங்கவில்லை. எழுதிய மூலத்தையே கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தான். கோலாலம்பூர், டொராண்டோ என்று எங்கெங்கோ இருந்தவர்கள் அதைத் திருத்திக் கம்ப்யூட்டர் மெயிலில் எல்லாருக்கும் அனுப்புவார்கள். முழுவதையும் அனுப்ப மாட்டார்கள். இந்த வரியை எடு, அந்த இடத்தில் இதைப் போடு என்று ஒரு துண்டு மட்டும் வரும். நாங்கள் அதை ஒட்டு என்போம். எந்தப் பிரதியைப் பார்த்துச் செய்தார்களோ அதில்தான் ஒட்டு உட்காரும். நடுவில் வேறு யாருடைய ஒட்டாவது ஏறி வரிகள் நகர்ந்துவிட்டால், சட்டைக் கிழிசலுக்கு வெட்டிய துணியைக் கால்சட்டையில் வைத்த கதைதான்.

எங்கள் ஊரிலேயே, ஆங் மோ கியோவில் இருந்த அஹமது கபீருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. டயாலிசிஸ் இல்லாத நாள்களில் அந்தப் புரோகிராமோடு உட்கார்ந்திருப்பார். அதில் ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தவர் அவர்தான்: தாள் நிறைந்துவிட்டால் கடைசி வரியை அது விழுங்கிவிடும். அதற்கு ஒட்டும் செய்தார். பிள்ளை குட்டி இல்லாத மனிதர். கண் மூடுவதற்குள் அந்த ஒட்டு தன் பெயரோடு உள்ளே போய்விட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

சிராங்கூன் ரோட்டு டீக்கடையில் தே குடிக்கும்போது சட்டைப் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து நீட்டினார்.

"இந்தா சூசை, கையோட வாங்கிக்க லா."

"மெயில்ல அனுப்புங்க பாய்."

"எதிர்லதான்டா உக்காந்திருக்கேன்."

"கையில வாங்கினா டொராண்டோக்காரன் எப்படிப் பாப்பான்? எல்லாரும் பாத்துத்தான் உள்ள போகணும். என் ஒட்டுக்கும் அதான் சட்டம்."

கபீர் டிஸ்க்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் மெயிலில் அனுப்பினார். அது வந்து சேர்வதற்குள் டொராண்டோக்காரனுடைய ஒட்டு ஏறிவிட்டது. கபீருடையது உட்காரவில்லை. "புதுப் பிரதியை வைத்துத் திரும்பச் செய்து அனுப்பவும். நன்றி" என்று சூசை பதில் போட்டான். கபீர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி, உடம்பு தேறி, மறுபடி செய்து அனுப்பினார். அதற்குள் கோலாலம்பூர்க்காரன் முந்திக்கொண்டான். மறுபடி அதே பதில், அதே நன்றி. கபீரின் கை வீங்கிக்கொண்டே வந்தது. சூசையின் சட்டம் மட்டும் இளைக்கவே இல்லை.

வரிதானே நகர்ந்திருக்கிறது, நீயே தள்ளி வைத்தால் என்ன என்று கேட்டேன். நான் கை வைத்தால் அது பாயுடைய ஒட்டு ஆகாது, அவர் பெயரைப் போட்டால் பொய்யாகிவிடும் என்றான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கபீர் போய்விட்டார். அன்றைக்கே அடக்கம். கடைகளில் ஒட்ட ஓர் அறிவிப்பு அடித்துத் தரும்படி அவர் மனைவி ருக்கையா போனில் கேட்டார். சூசை அழுதுகொண்டே தன் புரோகிராமில் அடித்தான். எந்தப் பள்ளிவாசலில் தொழுகை, எத்தனை மணிக்கு என்பது கடைசி வரி. தாள் நிறைந்திருந்தது. அடித்து வந்ததைப் படித்துப் பார்க்காமல் சிராங்கூன் ரோடு முழுக்க ஒட்டிவிட்டு வந்தான்.

லிட்டில் இந்தியா ஆட்கள் பாதிப்பேர் ஒரு பள்ளிவாசலிலும் மீதிப்பேர் இன்னொன்றிலும் போய் நின்றார்கள். தொழுகை நடந்தது மூன்றாவதில். சூசையும் நானும் கபருஸ்தானுக்கு ஓடிப் போனபோது மண்ணைத் தள்ளி மூடிவிட்டிருந்தார்கள்.

மறுநாள் வீட்டுக்குப் போனோம். ருக்கையா அந்த அறிவிப்பை மடியில் வைத்திருந்தார்.

"இந்த விட்டுப்போன வரிக்குத்தானே அண்ணே அவரு கடைசி வரைக்கும் அனுப்பிக்கிட்டு இருந்தாரு?" என்றார்.

சூசை வெளியே வந்து லிஃப்ட் பட்டனை அழுத்தவும் மறந்து நின்றான்.

திங்கட்கிழமை காலையில் சூசை ஒரு புதுப் பிரதி தயாரித்தான். யாருக்கும் இன்னும் அனுப்பவில்லை, நான்கூடப் பார்க்கவில்லை. மதிய மெயிலில் ஓர் ஒட்டு வந்தது. அனுப்பியவர் அஹமது கபீர். பழைய மெயில் வழியில் எங்கோ மாட்டிக்கொண்டு தாமதமாக வந்திருக்கும் என்றேன். சூசை திரையைக் காட்டினான். காலையில் அவன் தயாரித்த அந்தப் பிரதியைப் பார்த்துச் செய்த ஒட்டு. ஒரு வரி பிசகாமல் உட்கார்ந்தது. ஒவ்வொரு ஒட்டுக்கும் காரணம் எழுத வேண்டும் என்பதும் சூசையின் சட்டம். அந்த இடத்தில், "ஆளுங்க வந்து சேரணும் லா" என்று இருந்தது.

சூசை அவர் பெயரைப் போட்டு ஏற்றினான். பிறகு வழக்கம்போல அதே விலாசத்துக்கு, "ஏற்றுக்கொள்ளப்பட்டது. நன்றி" என்று பதில் அனுப்பினான். விலாசத்தில் ஆள் இல்லையென்றால் மெயில் திரும்பி வந்துவிடும். அது திரும்பி வரவில்லை. சூசை அன்றோடு மெயில் பெட்டியைத் திறப்பதை விட்டான்; கொஞ்ச நாளில் வேலையையும் விட்டான்.

மண்ணுக்குள் போன அதே அஹமது கபீர் இப்போது பாசிர் ரிஸில் என் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே குடியிருக்கிறார். நேற்று இந்தக் கதையைப் படித்துவிட்டு, கடைசி வரிக்கு மெயிலில் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறார்.