நானாவின் வாய்

அபோசு ஊரின் தலைவர் நானா அமோவா எழுத்தாளராகப் போகிறேன் என்று கிளம்பியபோது, முதலில் பயந்தது டொங்கோர்தான். டொங்கோர் அவருடைய ஒக்யாமே, அதாவது தலைவரின் வாய். தலைவரிடம் எவரும் நேராகப் பேசக் கூடாது. தலைவரும் எவரிடமும் நேராகப் பேச மாட்டார். நடுவில் தங்க முலாம் பூசிய கோலோடு டொங்கோர் நிற்பார். "கொழாயில தண்ணி வந்து மூணு வாரமாச்சு, தலைவர் என்னத்தப் புடுங்குறாரு?" என்று ஒருவன் கத்தினால், "நானா, உங்கள் நிழலில் வாழும் பிள்ளைகளுக்குத் தாகமெடுக்கிறது" என்பார். "அதுக்கு நான் என்னய்யா பண்ண?" என்று நானா முனகினால், "ஆறு தன் கரையை மறப்பதில்லை" என்று அது வெளியே போகும். இரண்டு தரப்புக்கும் காது நன்றாகவே கேட்கும். கேட்காதது போல இருப்பதுதான் மரியாதை. இருபத்திரண்டு வருடமாக வண்டி இப்படித்தான் ஓடியது.

குமாசி நகரத்தில் நடக்கும் கதைப் பட்டறைக்குப் போகும் வழியில் காரில் வைத்தே நானா சொல்லிவிட்டார்.

"இங்க பாரு டொங்கோர். இது மூணு வருஷமா எழுதின கதை. ஊர்ல எவனைக் கேட்டாலும் ஆகா நானா, ஓகோ நானாங்கிறான். நல்லாருக்கா இல்லியான்னு ஒருத்தன் சொல்லித் தொலைய மாட்டேங்கிறான். இந்தப் பட்டறையில சொல்லுவாங்க. நீ நடுவுல நின்னு பூசி மெழுகினே, கோலைப் பிடுங்கி உன் தம்பிகிட்ட குடுத்துருவேன்."

"தம்பிக்குத் திக்குவாய் நானா."

"நல்லதாப் போச்சு. பொய் கொஞ்சம் மெதுவா வரும்."

அப்படியானால் இவரை ஏன் கூட்டிவர வேண்டும் என்று கேட்கலாம். வாயில்லாமல் தலைவர் ஊர் எல்லையைத் தாண்டினால் பெரியவர்கள் சும்மா விடுவார்களா?

பட்டறை ஒரு கல்லூரி நூலகத்தில் நடந்தது. ஒன்பது பேர். ஒரு நர்ஸ், சில மாணவர்கள், பாவத்தைப் பற்றி நாவல் எழுதும் பாஸ்டர் ஒருவர் (ஆராய்ச்சி பலமாக இருந்தது), வண்டி நிலையத்தில் நாள் முழுக்க ஊர்ப்பெயர்களைக் கூவி ஆள் ஏற்றும் சர்வா என்ற பெண். நடத்தியவர் மேடம் டாண்டோ. யாருடைய கதையைப் பேசுகிறார்களோ அவர் வாய் திறக்கக் கூடாது என்பது அவர் விதி. நானாவுக்கு அது பழகிய வேலைதான். மதியச் சாப்பாட்டை மட்டும் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிட்டார். தலைவர் மெல்வதை ஊர் பார்க்கக் கூடாது.

மூன்றாம் நாள் நானாவின் கதை. கோகோ மூட்டை ஏற்றிய லாரி கவிழும் கதை, நாற்பது பக்கம். பாஸ்டர் முதலில் எழுந்து "ஆழமான படைப்பு" என்று சொல்லி அவசரமாக உட்கார்ந்துகொண்டார். நர்ஸ் எழுத்துருவைப் பாராட்டினார். மேடம் டாண்டோ பெருமூச்சு விட்டு சர்வாவைப் பார்த்தார்.

"பதினேழாம் பக்கத்துல லாரி கவுறுது" என்றாள் சர்வா. "டிரைவர் கால் ரெண்டு துண்டு. அந்தாளு என்ன சொல்றான்? 'உடைந்த பானையும் ஒருநாள் தண்ணீர் சுமந்ததுதான்'ங்கிறான். கால் ஒடிஞ்சவன் அம்மான்னு கத்துவானா, பழமொழி சொல்லிட்டிருப்பானா? அவன் பொண்டாட்டியும் அப்படித்தான் பேசறா. மூட்டை திருட வந்தவனும் அப்படித்தான். ஒண்ணரை வயசுக் குழந்தை, அதுவும்! யாரு மாதிரி இவங்கெல்லாம் பேசறாங்கன்னு ரெண்டு நாளா மண்டையை ஒடைச்சேன். இதோ, கோலோட நிக்கிற இந்த மாமா மாதிரி! மனுஷங்க பேசி நானா கேட்டதே இல்ல. இவர் பேசித்தான் கேட்டிருக்காரு. அதான் கதை செத்துக் கெடக்கு."

பாஸ்டர் கூரையைப் பார்த்தார். அபோசுவில் இந்தப் பேச்சுக்கு ஓர் ஆடும் இரண்டு புட்டி சாராயமும் அபராதம். நானா எதுவும் காதில் விழாதவர் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோர் கண்ணும் டொங்கோர் மேல்.

டொங்கோரின் வாய் தானாகத் திறந்தது. "நானா, இந்த இளங்கிளி சொல்கிறது, உங்கள் காடு அடர்ந்தது, அதில் ஒரே பறவையின் இனிய பாட்டு..."

நானா திரும்பிக் கோலைப் பார்த்தார். கோலை மட்டும். டொங்கோர் நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பானைப் பழமொழி அவர் சொன்னதுதான். கூரைத்தகடு கேட்டு வந்த ஒரு விதவைக்காக நானாவிடம் சொன்னது. அவள் உண்மையில் என்ன சொன்னாள்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவள் அழுதது நினைவிருந்தது. வார்த்தை ஒன்றுகூட இல்லை. டொங்கோருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நானா" என்றார். "கதை செத்துக் கெடக்காம். எல்லாரும் என்னை மாதிரியே பேசறாங்களாம். எனக்கும் அப்படித்தான் தோணுது. தப்பு என்னோடது."

நானா விரலை அசைத்தார். டொங்கோர் குனிந்து காதைக் கொடுத்தார். நானா முனகினார்.

"எழுதினவர் பேசக் கூடாதுன்னு சொன்னேனே" என்றார் மேடம் டாண்டோ.

"அவர் எங்க மேடம் பேசறாரு? நான்தானே பேசறேன்."

யானைக்கு முள் தைத்தால் காட்டுக்குத் தெரியாது என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. மீன்முள்ளை விழுங்குவது போல அதை விழுங்கினார்.

"நானா சொல்றாரு, வலிக்குதாம்."

அபோசுவில் எந்தத் தலைவருக்கும் இதுவரை வலித்ததில்லை. அவர்கள் செத்ததுகூட இல்லை. ஊருக்குப் போயிருக்கிறார் என்றுதான் சொல்வார்கள். சர்வாவின் துடுக்கெல்லாம் எங்கோ போய்விட்டது. "ஐயோ, நான் அந்த அர்த்தத்துல..." என்று இழுத்தாள்.

நானா கையை உயர்த்தினார். பிறகு ஒன்பது பேர் முன்னிலையில், சொந்த வாயால், கரகரத்த குரலில் பேசினார்.

"டொங்கோர், கோலைக் கீழ வை."

போச்சு, இருபத்திரண்டு வருடம் போச்சு என்று டொங்கோர் நினைத்தார். மேஜையோரமாகக் கோலைக் கிடத்தினார்.

"இப்பக் கத்து. கால் ஒடிஞ்சவன் மாதிரி."

"நானா?"

"எப்படிக் கத்துவாங்கன்னு எனக்குத் தெரியாதுய்யா. யாரும் எங்கிட்ட வந்து கத்தவே இல்லியே, நீ விட்டாத்தானே? கத்து."

டொங்கோர் தொண்டையைச் செருமினார். "அந்தோ!" என்றார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மாமா, கவுந்தது லாரி" என்றாள் சர்வா. "நாடகக் கொட்டாய் இல்ல."

டொங்கோர் கண்ணை மூடினார். கூரைத்தகடு கேட்டு வந்தவள் தரையில் உட்கார்ந்து தொடையில் அறைந்துகொண்டது தெரிந்தது. அவர் வாய் பிளந்தது. வந்த சத்தத்தில் வார்த்தையே இல்லை. வெளியே படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள்; நூலகர் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றார்.

நானா பதினேழாம் பக்கத்தைத் திறந்து டிரைவரின் பழமொழியைக் குறுக்கே அடித்தார். கேட்ட சத்தத்தை எழுதப் பேனாவை அதன் மேல் வைத்தார். பிறகு தலை நிமிராமல் சொன்னார்.

"இன்னொரு தடவை."